வாய்க்கு வராத சொல்: மொழியும் நனவும், ஓர் எளிய அறிமுகம்

போன மாதம் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ஹார்டுவேர் கடைக்குப் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, வாங்க வந்த சாமானின் பெயர் மறந்துபோய்விட்டது. "அண்ணே, அது... குழாய்க்குள்ள போடுவாங்களே, வட்டமா, ரப்பர்ல..." என்று விரலை வளைத்துக் காட்டினேன்.

"டேப்பா?"

"இல்லண்ணே."

"நிப்பிளா?"

"அது இல்ல."

"வாஷரா?"

"ஆங், அதேதான்!"

திரும்பி வரும் வழியில் ஒரு சந்தேகம் வந்தது. அவர் "நிப்பிளா?" என்று கேட்ட மறு நொடியே "அது இல்ல" என்று சொல்லிவிட்டேனே, எப்படி? சரியான சொல் என்னிடம் இல்லை. இல்லாத சொல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து இன்னொரு சொல் தப்பு என்று எப்படிச் சொன்னேன்? அப்படியானால் அந்தச் சொல் வருவதற்கு முன்பே ஏதோ ஒன்று உள்ளே தயாராக இருந்திருக்கிறது. அந்த வட்டம், நடுவில் ஓட்டை, விரலால் அழுத்தினால் நெகிழும் ரப்பர், எல்லாம் இருந்தது. பெயர் மட்டும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். மறந்துபோன பெயர் இருந்த இடம் சும்மா காலியாக இருப்பதில்லை. அந்தக் காலியிடத்துக்கே ஒரு வடிவம் உண்டு, பொருந்தாத பெயர் வந்தால் அது தள்ளிவிடும் என்றார்.

மொழி இல்லாமல் நனவு உண்டா, நாம் 'நினைப்பது' என்பது உள்ளுக்குள் பேசிக்கொள்வது மட்டும்தானா என்ற பெரிய கேள்விகளுக்குள் நுழைய இந்த வாஷர் போதும்.

முதலில் நனவு என்று எதைச் சொல்கிறோம்? நனவு, பிரக்ஞை, தன்னுணர்வு, சுயநினைவு என்று நம்மிடம் பல சொற்கள் புழங்குகின்றன. மயங்கி விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு "நினைவு வந்துடுச்சா?" என்று கேட்கிறோம். பழைய வீட்டைப் பற்றிப் பேசும்போதும் அதே 'நினைவு'தான். ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. அதில் தப்பும் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு இரண்டு அடுக்குகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. சூடான காபி நாக்கில் பட்டதும் 'சுள்' என்று ஏதோ உணரப்படுகிறதே, அது முதல் அடுக்கு. கைக்குழந்தைக்கு அது இருக்கிறது, நாய்க்கும் இருக்கிறது. அதை மறுப்பவர்கள் இன்று மிகக் குறைவு. "எனக்கு நாக்கு சுட்டுவிட்டது, நேற்றும் இப்படித்தான் அவசரப்பட்டேன், நான் எப்பவுமே இப்படித்தான்" என்பது இரண்டாவது அடுக்கு. இங்கே உணர்வு மட்டும் இல்லை; உணர்கிற 'நான்' என்ற ஒன்றும், அதற்கு ஒரு நேற்றும் இருக்கின்றன. மொழியும் நனவும் பற்றி நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவர் முதல் அடுக்கைப் பற்றியும் மற்றவர் இரண்டாவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பதால் வருவது என்பது என் எண்ணம்.

ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை உயிர்களை வரிசைப்படுத்தும் தொல்காப்பியம், ஆறாவது அறிவாக மனத்தைத்தான் சொல்கிறது. மொழிக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்த நூல் அது. அங்கே 'பேச்சு' என்று போட்டிருந்தாலும் யாரும் ஆட்சேபித்திருக்க மாட்டார்கள். போடவில்லை.

சரி, உள்ளுக்குள் பேசும் குரலுக்கு வருவோம். "பால் வாங்கணும்", "அவன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது", "ஐயோ, கேஸை அணைச்சேனா?" இப்படி நாள் முழுக்க ஒரு குரல் ஓடுவதாக நம்மில் பலருக்குத் தோன்றுகிறது. உதடு அசையாது, சத்தம் வராது, ஆனாலும் பேச்சுதான். இதை உள்பேச்சு என்று வைத்துக்கொள்வோம். தமிழுக்கு இது புதிய சமாச்சாரம் இல்லை. காதலர் இல்லாத நேரத்தில் தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுவதற்குத் திருக்குறள் ஒரு முழு அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது: 125ஆவது அதிகாரம், நெஞ்சொடு கிளத்தல். அந்த நெஞ்சோடு ஊடல் கொள்ள இன்னோர் அதிகாரமும் உண்டு. நம் பழைய சினிமாவில் மனசாட்சி அதே உடையில் கண்ணாடிக்குள்ளிருந்து எழுந்து வந்து வசனம் பேசும். மனம் என்றால் பேசும் என்பது நமக்கு அவ்வளவு பழக்கமான எண்ணம்.

இந்தக் குரல் எங்கிருந்து வந்தது? பி.எட். படித்தவர்களுக்கு அடுத்த இரண்டு பெயர்களும் தேர்வுக்கு முந்தின இரவை ஞாபகப்படுத்தலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்: பியாஜே, வைகாட்ஸ்கி. மூன்று நான்கு வயதுக் குழந்தை தனியாக விளையாடும்போது கவனித்திருப்பீர்கள். "இப்ப காரு வருது... இங்க நிக்கணும்... அய்யய்யோ, விழுந்துடுச்சு..." பக்கத்தில் யாரும் இல்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. சுவிட்சர்லாந்துக்காரரான பியாஜே, இது அடுத்தவர் பார்வையை இன்னும் அறியாத குழந்தையின் பேச்சு, வயது ஏற ஏறத் தானாக மறைந்துவிடும் என்று கருதினார். சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி ஒத்துக்கொள்ளவில்லை. அது மறைவதில்லை, உள்ளே போகிறது என்றார். முதலில் அம்மா சொல்வாள்: "மெதுவா, கீழ பாத்து நட." பிறகு குழந்தை தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லும். அப்புறம் முணுமுணுப்பாகும். கடைசியில் சத்தம் போய்விடும், சொல்வது மட்டும் தங்கிவிடும். நம் தலைக்குள் இருக்கும் குரல், ஒரு காலத்தில் வெளியே இருந்த வேறு யாரோ ஒருவரின் குரல் என்கிறார் அவர்.

இதைச் சோதிக்க வைகாட்ஸ்கி செய்தது சின்ன வேலைதான். படம் வரைய உட்காரும் குழந்தைக்குத் தேவையான பென்சிலோ தாளோ கிடைக்காதபடி செய்துவிடுவார். சிக்கல் வந்ததும் தனக்குத்தானே பேசுவது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஐந்தரை வயதுப் பையன் ஒருவன் டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தான். சக்கரத்தை அழுத்தி வரையும்போது பென்சில் முனை உடைந்தது. "உடைஞ்சு போச்சு" என்று மெல்லச் சொல்லிக்கொண்டான், யாரையும் பார்த்து இல்லை. பென்சிலை ஓரமாக வைத்துவிட்டு வாட்டர் கலரை எடுத்தான். விபத்தில் உடைந்துபோன டிராமை வரைய ஆரம்பித்தான். பென்சிலைப் பற்றிச் சொன்ன ஒரு சொல் படத்தின் கதையையே திருப்பிவிட்டது. மொழி நினைப்பைச் சும்மா வெளியே சொல்லவில்லை, அது போகும் தடத்தையே மாற்றுகிறது என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை. இந்த ஆராய்ச்சியெல்லாம் புத்தகமாக வந்தது 1934இல். அதே ஆண்டில் வைகாட்ஸ்கி காசநோயால் இறந்தார். வயது 37.

இங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, 'அப்படியானால் நினைப்பது என்பதே சத்தமில்லாத பேச்சுதான்' என்று முடிவு கட்டுவது சுலபம். கட்டியும் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன், சிந்தனை என்பது தொண்டையும் நாக்கும் மிக லேசாக அசைவதுதான் என்ற கருத்தை முன்வைத்தார். 1947இல் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு மருத்துவர் தன் உடம்பையே கொடுத்தார். பெயர் ஸ்காட் ஸ்மித், மயக்க மருந்து நிபுணர். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவும் விஷத்திலிருந்து எடுத்த மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டார். நாக்கு, தொண்டை, கண்ணிமை, மூச்சு விடும் தசை, எதுவும் அசையாது; செயற்கை முறையில்தான் மூச்சு கொடுத்தார்கள். மருந்தின் வேகம் இறங்கியதும், கிடந்த நேரம் முழுக்கத் தெளிவாக இருந்ததாகவும் சுற்றி நடந்தது எல்லாம் தெரிந்ததாகவும் சொன்னார். படிக்கும்போதே எனக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் இந்தச் சோதனை காட்டியது தசை அசைவு தேவையில்லை என்பதை மட்டும்தான். தசை ஓய்ந்தாலும் மூளைக்குள் மொழி ஓடியிருக்கலாமே?

மொழியே சிதைந்துபோனவர்களைத்தான் பார்க்க வேண்டும். 1861ஆம் ஆண்டு, பாரிஸை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனை. பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் 51 வயது நோயாளி ஒருவர் வந்தார். பெயர் லெபோர்ன். முப்பது வயதில் பேச்சு போய்விட்டது. எதைக் கேட்டாலும் "தான், தான்" என்ற ஒரே ஓசைதான் வரும். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரை 'தான்' என்றே கூப்பிட்டார்கள். (தமிழில் எழுதினால் அது நம் 'தான்' ஆகிவிடுவது தற்செயல்; ஆனாலும் தன்னுணர்வைப் பற்றிய கட்டுரையில் அதைக் கடந்துபோக மனம் வரவில்லை.) இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று புரோக்கா கேட்டார். லெபோர்ன் கையை நான்கு முறை விரித்து மூடிவிட்டு ஒரு விரலைக் காட்டினார். நாலைந்து இருபது, மேலே ஒன்று. 21 வருஷம். சரியான விடை. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை கேட்டபோது, தன்னை வைத்துப் பரீட்சை நடத்துகிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தது, அந்தக் கோபத்தில் மட்டும் ஒரு வசவு முழுதாக வாயிலிருந்து விழுந்தது. பார்த்த சில நாட்களிலேயே அவர் இறந்துவிட்டார். மூளையின் இடது முன்பகுதியில் இருந்த சேதத்தைப் புரோக்கா கண்டதும், பேச்சுக்கு மூளையில் ஒரு இடம் உண்டு என்ற கருத்து நிலைத்ததும் பாடப்புத்தகத்தில் வரும் கதை. எனக்கு அதைவிட அந்தக் கோபம்தான் முக்கியமாகப் படுகிறது. 'இவர் என்னைச் சோதிக்கிறார்' என்று உணர, தான் ஒருவன் என்பதும் எதிரில் இருப்பவர் மனதில் ஒரு நோக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் மடக்கலாம்: லெபோர்னுக்குப் பேச்சு போனதே தவிர, கேள்வி புரிந்ததே, அப்போது மொழி உள்ளே மிச்சம் இருந்ததே என்று. நியாயம்தான். 2005இல் ரோஸ்மேரி வார்லியும் சக ஆய்வாளர்களும், பக்கவாதம் போன்றவற்றால் இலக்கணமே சிதைந்துபோன மூன்று பேரைச் சோதித்தார்கள். ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அதில் யார் யாரை என்ன செய்தார் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கில் எந்த எண்ணிலிருந்து எதைக் கழிப்பது என்பதில் குழப்பம் இல்லை. அடைப்புக்குறி போட்ட கணக்கையும் போட்டார்கள். மூளையை ஸ்கேன் செய்து பார்க்கும் இன்றைய ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எவலினா ஃபெடரென்கோவின் குழு, வாக்கியம் படிக்கும்போது சுறுசுறுப்பாகும் மூளைப் பகுதிகள் கணக்குப் போடும்போது பெரும்பாலும் சும்மா இருப்பதைக் காட்டியிருக்கிறது. மொழி முதன்மையாகத் தகவல் சொல்லும் கருவியே தவிரச் சிந்திக்கும் கருவி அல்ல என்று அவரும் சகாக்களும் 2024இல் வெளிப்படையாக வாதிட்டார்கள்.

அப்படியானால் மொழி நனவுக்கு ஒன்றுமே செய்வதில்லையா? அப்படியும் இல்லை. இரண்டாவது அடுக்கு இங்கேதான் வருகிறது.

ஹெலன் கெல்லருக்கு 19 மாதத்தில் ஒரு நோயால் பார்வையும் கேட்கும் திறனும் போயின. 1887 மார்ச்சில், ஏழு வயதை நெருங்கும்போது, ஆன் சல்லிவன் ஆசிரியையாக வந்தார். ஏப்ரல் 5 அன்று குழாயடியில் ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் அதன் பெயரைச் சல்லிவன் விரலால் எழுத்துக்கூட்டிய காட்சி உலகத்துக்கே தெரியும். பலருக்குத் தெரியாதது அதற்கு முன்னும் பின்னும் நடந்தது. பாடத்தில் எரிச்சல் வந்து, புதுப் பொம்மையைத் தரையில் அடித்து உடைத்துவிட்டுத்தான் ஹெலன் குழாயடிக்குப் போனாள். உடைத்தபோது வருத்தம் துளியும் இல்லை. தண்ணீருக்கும் மற்றவற்றுக்கும் பெயர் உண்டு என்று தெரிந்துகொண்டு உள்ளே வந்தவளுக்கு உடைத்த பொம்மை ஞாபகம் வந்தது. தடவித் தடவிப் போய்த் துண்டுகளை எடுத்து ஒட்டவைக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்த தப்புக்கு வருந்தியது அப்போதுதான் என்று பிற்பாடு எழுதினார்.

எல்லாரும் தண்ணீரைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பொம்மைதான் பெரிது. உடைத்தவளும் அழுபவளும் ஒருத்தியே என்பது அந்த நேரத்தில்தான் ஒன்றுசேர்ந்திருக்கிறது.

1908இல் வந்த இன்னொரு புத்தகத்தில் ஹெலன், ஆசிரியை வருவதற்கு முன் 'நான்' இருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது என்கிறார். ஆனால் அதே புத்தகத்தில் ஐஸ்கிரீம் பற்றியும் ஒரு இடம் வருகிறது. சொல் இல்லாத அந்தக் காலத்தில் ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் நாக்கில் அந்த ருசி வருமாம். அதைக் கடையும் பெட்டியின் கைப்பிடி சுழல்வது கையில் தெரியுமாம். உடனே சைகை காட்டுவாளாம், அம்மாவுக்குப் புரிந்துவிடும். ஆசை இருந்திருக்கிறது, நினைப்பும் இருந்திருக்கிறது, விரலிலும் நாக்கிலும். 'நான் இல்லை' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சொல் இல்லாத காலத்தைப் பற்றி, இருபது வருஷம் கழித்து, நிறையச் சொற்களோடு கொடுத்த சாட்சி அது.

சாட்சி சொல்வது எப்போதும் மொழிதான் என்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய சங்கடம். கடையில் வியாபாரம் பார்ப்பவர் ஒருவர், பேரேடு எழுதும் கணக்குப்பிள்ளை ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரேடு இல்லாவிட்டால் நேற்று என்ன விற்றது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கணக்குப்பிள்ளைக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் எழுதாததும் நடந்திருக்கும். நடக்காததையும் அவர் எழுதக்கூடும்.

எழுதுகிறார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கடுமையான வலிப்பு நோய்க்காக, மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. அப்படிச் செய்துகொண்ட ஓர் இளைஞரை 1970களில் மூளை ஆய்வாளர்களான மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் சோதித்தார்கள். பேசும் இடது மூளைக்கு மட்டும் தெரியும்படி ஒரு கோழிக்கால் படம். பேசாத வலது மூளைக்கு மட்டும் பனி மூடிய வீட்டின் படம். பொருத்தமான அட்டையை எடுக்கச் சொன்னதும் வலது கை கோழியைக் காட்டியது. வலது மூளை இயக்கும் இடது கை, பனியை அள்ளும் மண்வெட்டியைக் காட்டியது. ஏன் மண்வெட்டி என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய இடது மூளை பனியைப் பார்க்கவே இல்லை. "தெரியலை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கொட்டிலைச் சுத்தம் பண்ண மண்வெட்டி என்று தயங்காமல் விளக்கம் வந்தது. அது பொய் இல்லை. சொன்னவர் அதை மனதார நம்பினார். 'ஏன் அப்படிப் பண்ணினே?' என்று கேட்டால் நாம் சொல்லும் காரணங்களில் எத்தனை இந்த ரகமோ.

எந்த மொழி பேசுகிறோம் என்பதும் நனவை மாற்றுமா என்று அடுத்துக் கேட்பார்கள். கொஞ்சம் மாற்றும், கதைகளில் சொல்கிற அளவுக்கு இல்லை. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள் உண்டு. அந்த எல்லையைத் தாண்டிய இரண்டு நீலங்களை ரஷ்ய மொழிக்காரர்கள் சற்று வேகமாகப் பிரித்துச் சொன்னார்கள் என்று 2007இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. மனதுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே பார்க்கவைத்தால் அந்த வேகம் காணாமல் போனது. கண் ஒன்றும் மாறவில்லை, மொழிதான் அந்த நேரத்தில் கூட நின்று உதவியிருக்கிறது. நம்மிடமும் ஒன்று உண்டு: நாம், நாங்கள். கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்காமல் தமிழில் வாயைத் திறக்க முடியாது. ஆங்கிலம் பேசுபவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று இல்லை. அதைக் கவனித்தே ஆக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நமக்கு உண்டு. "நாங்க கல்யாணத்துக்குப் போறோம்" என்பதற்குப் பதில் "நாம" என்று வாய் தவறிவிட்டால் காரில் இன்னோர் இடம் பார்க்க வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை எழுதாமல் விடுவது எவ்வளவு? நெவாடா பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் 1970களிலிருந்து இதைத் தேடுகிறார். ஆட்களிடம் ஒரு பீப்பரைக் கொடுத்து அனுப்புவார். நேரம் காலம் இல்லாமல் அது கத்தும். கத்துவதற்குச் சற்று முன் மனதில் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு உட்காரவைத்து அந்த ஒரு கணத்தைப் பற்றி விலாவாரியாகக் கேட்பார். உள்பேச்சு இருந்தது சராசரியாகக் கால்வாசித் தருணங்களில்தான். சிலருக்குக் கிட்டத்தட்ட எப்போதும் பேச்சு, சிலருக்குச் சுத்தமாக இல்லை. மற்ற நேரங்களில் படம், உணர்ச்சி, ஏதோ ஒரு ருசி அல்லது சத்தத்தின் மேல் கவனம். சிலவற்றில் சொல்லும் இல்லை, படமும் இல்லை, ஆனால் என்ன நினைத்தோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். தலைக்குள் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பதாக நம்பி வந்தவர்களில் பலர், குறிப்பைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

பீப்பர் இல்லாவிட்டாலும் போனில் செய்து பார்க்கலாம். வீட்டில் பையனிடம் கொடுத்து, எனக்குத் தெரியாமல் நாலு அலாரம் வைக்கச் சொன்னேன். முதல் அலாரம் அடித்தபோது, பத்து வருஷத்துக்கு முன் முடிந்துபோன ஒரு சண்டையில் நல்ல பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்க முழுக்கப் பேச்சு, முற்றுப்புள்ளி கூட இருந்தது. இரண்டாவதுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி, கண் எரிச்சல், அவ்வளவுதான், சொல் எதுவும் இல்லை. மூன்றாவதில் ஒரு பாட்டின் மெட்டு, வரி இல்லாமல்.

நாலாவது அடித்த நேரம் சமையலறைக் குழாயை மூடிவிட்டு ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுகவில்லை. நோட்டை எடுத்து 'வாஷர் நல்லாப் பிடிச்சிருக்கு' என்று எழுதினேன். அலாரம் அடித்தபோது அந்த வாக்கியம் உள்ளே இருந்ததா, பேனாவை எடுத்த பிறகு வந்ததா என்று எவ்வளவு யோசித்தும் என்னால் சொல்ல முடியவில்லை.